ஆடாமல் எடுத்த சிரிப்பு

எங்கட அம்மாவுக்குக் கமராவைக் கண்டால் போதும், முகம் அடையாள அட்டைக்குப் போயிடும். கை ரெண்டும் நேரா, வாய் இறுக்கம், கண் முழிச்சபடி. அந்தக் காலத்தில படம் எண்டாலே ஏதோ ஒரு அட்டைக்குத்தானே எடுத்தது, அவாவிலையும் பிழையில்லை. ஆனா பிரான்சில இருக்கிற தம்பிக்கு அந்தப் படங்களை அனுப்பினால் உடன போன் வரும். "அக்கா, அம்மாவுக்கு என்ன வருத்தம்? எனக்கு ஒளிக்காதை." விசா அலுவல் முடியாமல் அவன் இன்னும் வர ஏலாமல் கிடக்கு. அம்மா சுகமாயிருக்கிறா எண்டு எத்தினை தரம் சொன்னாலும் நம்பமாட்டான். வீடியோவில கதைச்சாலும் அம்மா செய்தி வாசிக்கிற ஆள் மாதிரித்தான் இருப்பா, நான் என்ன செய்ய?

நான் முல்லைத்தீவில கலியாணவீடு, சாமத்தியவீடு எண்டு படமெடுத்துத் திரியிறவள். போன வருசம் ஒரு ஃபுல் ஃபிரேம் கமரா வாங்கினன். எங்கட கை ஆடினால் உள்ளுக்க படம் பதியிற சென்சர் தானும் அசைஞ்சு அதை ஈடுகட்டும். சரி, இதால அம்மாவின்ர சிரிப்பைப் பிடிச்சுத் தம்பிக்கு அனுப்புவம் எண்டு வெளிக்கிட்டன். குசினி இருட்டெண்டு முதல்நாள் ட்ரைபொட்டை விரிச்சன். அதோட கெட்டுது காரியம். மூண்டு காலைக் கண்டவுடன அம்மா அடுப்பைக் குறைச்சுப்போட்டு அறைக்குள்ள போயிட்டா. திரும்பி வரேக்க பட்டுச்சீலை, பவுடர், கழுத்தில மாதா சங்கிலி. "எடு பிள்ளை" எண்டு சுவரோட விறைச்சுப்போய் நிண்டா. மாதாவே!

அதுக்குப் பிறகு ட்ரைபொட்டுமில்லை, ஃபிளாஷுமில்லை. கமராவைக் கழுத்தில தொங்கவிட்டுக்கொண்டு தேங்காய் திருவினன், வெங்காயம் உரிச்சன். அம்மாவும் கமராவை மறந்திட்டா. ஆனா வெளிச்சம் காணாதெண்டு ஷட்டரை மெதுவா வைச்சு எடுத்தால் சுவரில கிடக்கிற பல்லி கூடத் துலக்கமா விழுது, அம்மா மட்டும் புகை மாதிரி. கமரா என்ர கையைப் பிடிக்கும், அம்மாவை ஆர் பிடிக்கிறது? அவா ஒரு நிமிசம் சும்மா நிக்கிற ஆளே? கடைசியா, படம் கொஞ்சம் மணல் மணலாத் தெரிஞ்சாலும் பரவாயில்லை எண்டு, இருட்டிலையும் வெளிச்சத்தை இழுக்கிற ஐ.எஸ்.ஓவைக் கூட்டி ஷட்டரை வேகமாக்கினன். முழங்கையை விலாவோட ஒட்டி, தோளைக் கதவுநிலையில சாய்ச்சு, மூச்சை மெல்ல விட்டபடி பட்டனை அமத்தப் பழகினன்.

ஒருநாள் காலமை அப்பா களப்பால வந்து நண்டுக் கூடையைக் குசினி நிலத்தில வைச்சார். அதில ஒண்டு வெளியில விழுந்து அவற்ற காலடிக்கு ஓடிச்சுது. வாழ்நாள் முழுக்கத் தண்ணிக்குள்ள கிடந்த மனுசன், "ஐயோ!" எண்டு கதிரைக்கு மேல ஏறி நிண்டார். அம்மா அகப்பையும் கையுமாச் சிரிக்கத் தொடங்கினா பாருங்கோ! ஓட்டைப் பல் தெரிய, கண்ணால தண்ணி வர, முழு உடம்பும் குலுங்க. எனக்கும் சிரிப்பு அடக்க ஏலேல்லை, கை நடுங்குது. நிலையில நல்லாச் சாய்ஞ்சுகொண்டு விடாமல் அமத்தினன்.

பாத்தால் முக்கால்வாசி கலங்கல். ஒண்டு மட்டும், கடவுளே, கண்ணிமை மயிரைக்கூட எண்ணலாம்! எனக்கெண்டால் துள்ளிக் குதிக்கோணும் போல கிடந்துது.

"அடி, அழி உந்தப் படத்தை! பல்லில்லாத கிழவி மாதிரிக் கிடக்கு" எண்டு அம்மா கமராவைப் பறிக்க வந்தா.

"தம்பிக்கு அனுப்பத்தானம்மா எடுத்தனான்" எண்டன்.

நீட்டின கையை எடுத்திட்டா. அகப்பையைக் கீழ வைச்சுப்போட்டுக் கிட்ட வந்தா.

"கொப்பர் கதிரையில நிக்கிறதும் வந்திருக்கோ?"

"ஓமம்மா."

"அப்ப அனுப்பு."

பின்னேரம் தம்பி போன் எடுத்தான். ஸ்பீக்கரில போட்டன். "பெரிசாக்கிப் பாத்தனான் அக்கா, அம்மாவின்ர கன்னத்தில அந்தக் குழி..." எண்டான். பிறகு மூக்கை உறிஞ்சிற சத்தம்தான் கேட்டுது.

"டேய், சிரிக்கிற படத்தைப் பாத்து அழுறவனை இப்பத்தான் காணுறன்" எண்டா அம்மா. சொல்லிப்போட்டுத் திரும்பவும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினா. அங்கால அவனும்.