சிக்ஸ்டன் கேட்காமல் விட்ட பெட்டி

சிக்ஸ்டன் மோலாண்டரின் கார் குளிர்காலம் முழுக்க முனகிக்கொண்டிருந்தது. பனிச் சாலைக்கென்று மாட்டிய ஆணி டயரின் சத்தம்தான் அது என்று அவன் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். மே மாதம் பனி கரைந்தது, கோடை டயர் மாட்டியாயிற்று, முனகல் மட்டும் போகவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி முன்பக்க இடது சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்த்தான். லொடலொடவென்று ஆடியது. பேரிங் போய்விட்டிருந்தது.

அவனுக்கு இது புது வேலை இல்லை. அறுபதை நெருங்கும் இந்த வயதுவரை வேறொருவன் தன் காரில் ஸ்பேனர் வைக்க விட்டவனும் இல்லை. பக்கத்து ஊரான லிக்செலேயின் பட்டறையில் மட்டும் ஒருமுறை கேட்டுப் பார்த்தான், அதுவும் தொலைபேசியில். ஜூன் மாத மிட்சம்மர் பண்டிகை விடுமுறை கழித்து வரச் சொன்னார்கள். சரி, நாமே செய்வோம் என்று வாசலில் காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். அதற்குப் பிறகுதான் தலைவலி. பேரிங்கை அதன் இருப்பிடத்திலிருந்து வெளியே தள்ள ஒரு செட் வேண்டும். நீளமான திருகாணி ஒன்று, பெரிதும் சிறிதுமாக இரும்புக் கிண்ணங்கள், எல்லாம் ஒரு பெட்டிக்குள். சிக்ஸ்டனிடம் அப்படி ஒரு செட் இருந்தது. ஜெர்மன் எஃகு, தகரப் பெட்டி, ஆயுளுக்கும் போதும் என்று பார்த்துப் பார்த்து வாங்கியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கத்துப் பண்ணை ரூனே தன் மகள் காருக்கென்று அதை இரவல் வாங்கிக்கொண்டு போனான். போனது போனதுதான்.

"போய்க் கேளேன்" என்றாள் அவன் மனைவி மாய்லிஸ்.

"எப்படிக் கேக்கறது? அவன திருடன்னு சொல்ற மாதிரி ஆயிடும்."

இதை அவள் முப்பது வருஷமாகப் பார்த்து வருகிறாள். மர அறுவை ஆலையில் கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் சம்பளம் உயர்த்திக் கேட்டு வாங்கினார்கள். சிக்ஸ்டன், தருகிறபோது தரட்டும் என்று இருந்துவிட்டான். மூஸ் என்ற பெரிய காட்டு மானை வேட்டையாடும் குழுவில் அவனுக்கு ஒதுக்கிய இடம் ஒரு சதுப்பு நிலத்து ஓரம். எந்த மூஸும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு செப்டம்பரும் முழங்கால்வரை நனைந்து திரும்புவானே தவிர, வேறு இடம் கொடுங்கள் என்று வாய் திறந்ததில்லை. கல்யாணப் பேச்சை எடுத்ததும் மாய்லிஸ்தான். அவள் எடுத்திராவிட்டால் இன்னமும் இரண்டு பேரும் முதலில் சந்தித்துக்கொண்ட அந்த நடன அரங்க வாசலில் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே கேட்பதற்குப் பதிலாக அவன் சுத்தியலை எடுத்தான். பழைய பேரிங் வளையம் ஒன்றை முட்டுக் கொடுத்து அடி அடியென்று அடித்தான். கை மரத்துப்போனதுதான் மிச்சம். ரூனே வீட்டுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். கேட்டால் ஞாபகம் வருமோ என்று சிக்ஸ்டனுக்கு ஒரு நப்பாசை, அதனால் தேவைக்கு மேலேயே கொஞ்சம் அடித்தான். யாரும் வரவில்லை.

அடுத்து இணையத்தில் மலிவாக ஒரு செட் வாங்கினான். படத்தில் பளபளவென்று இருந்தது. வந்து சேர்ந்ததைப் பார்த்தால் ஒரு கிண்ணம் பேரிங்குக்கு ஒரு மயிரிழை பெரிது, அடுத்தது ஒரு மயிரிழை சிறிது. பெரியதில் துணியைச் சுற்றி ஒப்பேற்றித் திருகினான். பேரிங் அசையவில்லை, திருகாணியின் மரைதான் மாவு மாதிரி உதிர்ந்தது. தூக்கிப் புல்லில் எறிந்தான். பிறகு புல்வெட்டும் எந்திரத்தில் மாட்டுமே என்று அவனே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தான். அப்போது வந்த எரிச்சலில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

புதுப் பேரிங் ஃப்ரீசரில் கிடந்தது. குளிர்ந்தால் கொஞ்சம் சுருங்கும், உள்ளே சுலபமாக இறங்கும் என்று மூஸ் இறைச்சிக்கும் காட்டுப் பழத்துக்கும் நடுவில் வைத்திருந்தான். சுருங்கிக்கொண்டே இருந்தது.

இங்கே கஷ்டப்பட்டது கார் இல்லை, மாய்லிஸ். லிக்செலேயில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு வேலை. காலைக் கஞ்சி அவள் பொறுப்பு. விடியுமுன் அங்கே நிற்க வேண்டும், அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. கார் வாசலில் ஒற்றைக்காலில் நின்ற நாளிலிருந்து அவள் இன்று தபால்காரன், நாளை பள்ளிக்கூட ஆசிரியை, மறுநாள் பால் வண்டிக்காரன் என்று ஒவ்வொருவராகக் கேட்டுத் தொற்றிக்கொண்டு போனாள். இரண்டு நாள் கஞ்சி தாமதம். இனியும் தாமதமானால் காலை வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் மாய்லிஸ் ஃப்ரீசரைத் திறந்தாள். பேரிங் உருண்டு அவள் கால் பெருவிரலில் விழுந்தது. அவள் நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"ஒரே ஒரு ஆளுகிட்ட ஒரே ஒரு தடவ உன்னால கேக்க முடியல. அதுக்காக நான் தெனமும் ஊர்ல உள்ளவங்ககிட்டயெல்லாம் கேட்டுக்கிட்டு ரோட்டுல நிக்கறேன். இது எந்த ஊர் நியாயம் சிக்ஸ்டன்? உனக்கு வெக்கம், அந்த வெக்கத்துக்கு நான் வேல செய்யணுமா?"

சிக்ஸ்டன் கையைத் துடைத்துக்கொண்டான். தொப்பியை எடுத்துக்கொண்டு ரூனே வீட்டுக்கு நடந்தான்.

ரூனே காபி ஊற்றினான். ஏரியில் பனிக்கட்டி உடைந்ததைப் பற்றிப் பேசினார்கள். யாரோ ஒருவனுடைய புது டிராக்டரைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாவது கோப்பை வந்தது.

"பேரிங் போச்சு" என்றான் சிக்ஸ்டன், ஜன்னலைப் பார்த்து.

"அப்படியா. சனியன் புடிச்ச வேலப்பா அது."

"அதுக்குன்னு ஒரு செட் வேணும்."

"ஆமா, வேணும்."

"நல்ல செட்டா இருக்கணும். இந்த மலிவுச் சாமான்லாம் ஆகாது."

"ஆகவே ஆகாது" என்ற ரூனேயின் முகம் சட்டென்று மலர்ந்தது. "அட, என்கிட்டயே ஒண்ணு இருக்கேப்பா! ஜெர்மன் சாமான். நீ எடுத்துட்டுப் போயேன்!"

கொட்டகையிலிருந்து கொண்டுவந்து மேசையில் வைத்தான். அதே தகரப் பெட்டி. மூடியின் மூலையில் சிக்ஸ்டன் என்றைக்கோ கீழே போட்டபோது விழுந்த நசுங்கல்கூட அப்படியே இருந்தது. சிக்ஸ்டன் வாயைத் திறந்தான்.

"ஒண்ணே ஒண்ணு" என்றான் ரூனே. "ஞாயித்துக்கெழம திருப்பிக் குடுத்துடு. தப்பா நெனச்சுக்காத. நம்ம ஊர்ல வாங்கிட்டுப் போறவனுங்க எவனும் திருப்பித் தர்றதில்ல."

"கண்டிப்பா" என்றான் சிக்ஸ்டன். "ரொம்ப உபகாரம்."

சொந்தப் பெட்டியை இரவலாகச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தவன் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டான். ஆனால் செட் செட்தான். கிண்ணம் கச்சிதமாக உட்கார்ந்தது, திருகாணி வழுக்கிக்கொண்டு போனது, பழைய பேரிங் ஒரு முக்கல் முக்கி வெளியே வந்தது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த புதுசு சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. அத்தனை நாள் மல்லுக்கட்டியது காபி ஆறும் நேரத்தில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, கொண்டுபோய்க் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வந்தான். மாய்லிஸ் இதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

திங்கள்கிழமை அவள் காரில் வேலைக்குப் போனாள். கஞ்சி நேரத்துக்கு வெந்தது. சாயங்காலம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்து இறங்கினாள்.

"இப்ப வலது பக்கம் முனகுது" என்றாள்.

இடது பக்கச் சத்தத்தில் அது இத்தனை நாள் அமுங்கிக் கிடந்திருக்கிறது. மறுபடியும் காபி, மறுபடியும் ஏரி, மறுபடியும் டிராக்டர்! சிக்ஸ்டன் தொப்பியைத் தேடினான்.

"எங்க கெளம்பிட்டே?" என்றபடி மாய்லிஸ் பின்கதவைத் திறந்தாள். இருக்கையில் தகரப் பெட்டி இருந்தது.

"வர்ற வழியில வாங்கிட்டு வந்துட்டேன்."

"என்ன சொல்லி வாங்கினே?"

"'எங்க செட்டக் குடு'ன்னேன்."

"அவன் என்ன சொன்னான்? கோவப்பட்டானா?"

"'அட, உங்களோடதா, மறந்தே போச்சு'ன்னு எடுத்துக் குடுத்தான்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன, ஊர்வலம் வச்சா அனுப்புவாங்க?"

நியாயமாகப் பார்த்தால் அவனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். மூன்று வருஷம் அவன் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த ஒரு சொல், அவள் வாயில் ஒரு தும்மல் அளவுக்குக்கூட இல்லையே! காரைத் தூக்கி வைத்து, வலது சக்கரத்து நட்டில் நீளக் குழாயைச் செருகி இழுத்தான். நட்டு நகரவில்லை, மொத்தச் சக்கரமும் சேர்ந்து சுற்றியது.

வீட்டுக்குள் போகப் படியேறிய மாய்லிஸின் முதுகைப் பார்த்தான்.

"மாய்லிஸ்" என்றான். "கொஞ்சம் பிரேக்க மிதிச்சுப் புடிக்கறியா?"

அவள் திரும்பினாள். "இத்தன வருஷமா யாரு மிதிச்சா?"

"சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு கட்டைய முட்டுக் குடுத்துக்குவேன்."

"நான் வீட்டுலதானய்யா இருந்தேன்" என்றாள் மாய்லிஸ். முகம் சிவந்துபோய்ப் படியிறங்கி வந்தாள், காருக்குள் ஏறினாள், அத்தனை கோபத்தையும் காலில் இறக்கி மிதித்தாள்.