மோரில் கலந்த பொடி

முதலில் இடது கண்ணில் வந்தது. கண்ணையே எடுத்துவிட்டார்கள். குடியிருந்த வீட்டை இடித்ததும் புற்றுநோய் கல்லீரலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், சேர்கிறீர்களா என்று கேட்டார்கள். என் நகைச்சுவைக் கட்டுரைகளை இத்தனை காலம் திருச்செங்கோட்டு மக்கள்மீது சோதித்தவன் நான். மறுக்க எனக்கென்ன யோக்கியதை?

சேர்க்கும் முன் இரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது.

“இரத்தத்துல கல்லீரல் என்சைம் அளவெல்லாம் போன தடவையவிட எகிறியிருக்குதுங்க சார். நாட்டு மருந்து, லேகியம் ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. நாலு புத்தகம் படித்தவன் அதையெல்லாம் தொடுவானா என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் என் மனைவி மெல்லச் சொன்னாள்:

“மோர்ல ஒரு பொடி கலக்கிக் குடுத்தனுங்க.”

ஆட்டையாம்பட்டியில் இருக்கும் என் அக்கா கொடுத்தனுப்பிய பொடி. கல்லீரலுக்கு நல்லதாம். ஒரு மாதமாகத் தினமும் காலையில். கசக்கிறதே என்று நான் கேட்டபோது வெந்தயம் என்றிருந்தாள். நானும் வெந்தயத்தின் மகிமையை அவளுக்கே விளக்கியிருந்தேன்.

பொடியை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். அளவு இறங்கினால் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

வராந்தாவில் கத்தினேன். “என்னையக் கொல்றதுக்கு ரெண்டு பேரும் கூட்டா?”

“கத்தாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க. உங்கக்கா குடுத்தது. நான் குடுக்காம இருந்து, உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா ஊரே என்னையத்தானுங்க பேசும்?” என்றவள் அத்துடன் விடவில்லை. “புது மருந்துல குணமாயிருமான்னு டாக்டரம்மாவக் கேட்டீங்க. தெரியாதுன்னுதான சொன்னாங்க? உங்கக்கா ஆயிரும்னு அடிச்சுச் சொன்னாங்க.”

பதில் வராத கோபம் பொல்லாதது. பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல் ஈரோடு வரை நின்றுகொண்டே வந்தேன். யாரைத் தண்டித்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

அந்த இரண்டு வாரமும் அக்காவின் போனை எடுக்கவில்லை. வயிற்றில் ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு மருந்து போட முடியாமல், அன்பாகக் கொடுத்த பொடி உடம்பைவிட்டுப் போகட்டும் என்று காத்திருக்கிறேன். எதிரி கொடுத்திருந்தால் போலீசுக்காவது போயிருக்கலாம்.

அளவு இறங்கியது. சேர்த்துக்கொண்டார்கள். முதல் மருந்து ஏறிய அன்று சாயங்காலமே குளிர்காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவன் காதில் மனைவி போனை வைத்தாள். அக்கா.

“அளவு எறங்கிப்போச்சாமா சாமி? நான் சொல்லல? பொடி வேல செஞ்சிருக்குது பாரு. நிறுத்தாம குடிச்சிருந்தீன்னா இந்த ஊசியே வேண்டியதில்ல.”

இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் கொட்ட வாயைத் திறந்தேன். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டதில் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை.

“அழுவாத சாமி,” என்றாள் அக்கா.