பட்டினி கிடந்த முட்டி

போன பௌர்ணமிக்கு நான் கிரிவலம் முடிச்சேன். பதினாலு கிலோமீட்டர். என் சொந்தக் காலால.

திருவண்ணாமலைக்காரி மலை சுத்தறதெல்லாம் ஒரு நியூஸான்னு கேட்கறீங்களா? நியூஸ்தான். அஞ்சு மாசத்துக்கு முன்னாடி இதே பாதையில என்னை ஆம்புலன்ஸ்ல ஏத்தி வீட்டுக்கு அனுப்பினாங்க.

மலைக்குப் பின்பக்கம் இருக்கற அடி அண்ணாமலை ஊரைத் தாண்டினதும் வலது முட்டி வீங்கிப் போய், மடக்க முடியாம, ரோட்டோரமா உட்கார்ந்துட்டேன். பௌர்ணமி அன்னைக்கு அந்தப் பக்கம் ஆட்டோ விடமாட்டாங்க. மெடிக்கல் கேம்ப்ல நின்ன ஆம்புலன்ஸ்தான் வந்தது. சைரன் வேற. கூட்டம் ஒதுங்கி வழி விட்டு, உள்ளே இருக்கறது யாரோ பாவம்னு ‘அரோகரா’ போட்டுக் கும்பிட்டுச்சு. உள்ளே நான்... முழு நினைவோட, கையில பாதி வாழைப்பழத்தோட. மானம் போச்சு.

பத்தொன்பது வருஷமா ஒரு பௌர்ணமி விடாம சுத்தின கால் இது. இனிமே அவ்வளவுதானா? முட்டி வலியை விட அந்தக் கேள்விதான் ஜாஸ்தி வலிச்சது.

இத்தனைக்கும் அந்த முட்டியை நான் எப்படித் தாங்கினேன் தெரியுமா? ஒரு வருஷம் முன்னாடி வலி ஆரம்பிச்சப்பவே என் நாத்தனார் சரசா சொல்லிட்டா. “முட்டி டயர் மாதிரி அண்ணி. ஓட்ட ஓட்டத் தேயும். மாசம் பூரா ரெஸ்ட் குடுங்க. பௌர்ணமிக்கு மட்டும் எடுங்க.”

நியாயமாத்தான் பட்டது. எங்க தெருவுல பாதிப் பேர் இதைத்தான் பண்றாங்க. மாடியில துணி காயப் போடறதை நிறுத்தினேன். கடைக்குப் போறதைக் கம்மி பண்ணேன். வாசல் கோலம் கூட வீட்டுக்காரர் பொறுப்பு ஆச்சு — அவர் கோலத்தைப் பார்த்துப் பால்காரர் ஒரு வாரம் சிரிச்சார். இருபத்தொன்பது நாள் சோபா, ஒரே நாள்ல பதினாலு கிலோமீட்டர். முட்டியை மிச்சம் பிடிக்கிறேனாம்.

ஆம்புலன்ஸ்ல வந்து இறங்கின மறுநாள் டாக்டர் எக்ஸ்-ரேயைப் பார்த்தார். தேய்மானம் ஆரம்பம்தான்னு சொல்லி, பிசியோதெரபிக்கு அனுப்பினார். எங்க ஏரியா வேங்கிக்கால்லயே, ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்ன கிளினிக். அங்கே கவிதான்னு ஒரு பொண்ணு, என் பொண்ணு வயசு இருக்கும்.

“மாசத்துல எத்தனை நாள் நடக்கறீங்கம்மா?”

“ஒரு நாள்.”

“எவ்ளோ தூரம்?”

சொன்னேன். அவ பேனாவை மூடி வச்சுட்டா.

“தேய்மானத்தை அப்புறம் பார்க்கலாம்மா. முதல்ல உங்க முட்டி பட்டினி கிடக்குது.”

அப்புறம் பொறுமையா விளக்கினா. எலும்பு நுனியில வழவழன்னு குருத்தெலும்பு இருக்குது. அதுக்குள்ள செல்கள், தனித்தனி அறையில குடியிருக்கற மாதிரி, ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி. குருத்தெலும்பைக் கட்டினதும் அதுங்கதான், பராமரிக்கறதும் அதுங்கதான். ஆனா அங்கே ரத்தக் குழாய் கிடையாது.

“அப்ப அதுங்களுக்குச் சாப்பாடு?”

“மூட்டுக்குள்ள இருக்கற திரவம்தான். நீங்க காலை ஊனினா குருத்தெலும்பு அமுங்கி, பழசு வெளிய போகும். காலை எடுத்தா புதுசை உறிஞ்சிக்கும். பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்ச் மாதிரி. நீங்க சோபால உட்கார்ந்துட்டா யாரும்மா அமுக்கறது?”

என் முட்டியை நானே ஒரு தடவை அமுக்கிப் பார்த்துக்கிட்டேன்.

பட்டினி போட்டு, திடீர்னு ஒரு நாள் அத்தனை பாரத்தையும் ஏத்தினா, அந்த செல்கள் நொந்து போகுமாம். நொந்த செல் என்ன பண்ணும்? தான் கட்டினதைத் தானே அரிக்கற ரசாயனத்தை விடும். குருத்தெலும்புல நரம்பும் இல்லை, அதனால நமக்கு ஒண்ணும் தெரியாது. வலின்னு நாம கத்தறப்ப, பக்கத்துல இருக்கற எலும்பும் சவ்வும் அடி வாங்க ஆரம்பிச்சிருக்கும்.

கோபம் வந்தது எனக்கு. முதல்ல சரசா மேல. அப்புறம் சோபா மேல. கடைசியா, வேற வழியில்லாம, என் மேல.

“தேஞ்சது திரும்ப வளருமா?”

“வளராதும்மா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா இருக்கறதைக் காப்பாத்தலாம். தொடைச் சதை பலமானா பாரத்தை அது வாங்கிக்கும்.”

தினமும் கலெக்டர் ஆபீஸ் பக்கம் நடை. முதல்ல பத்தே நிமிஷம். நாற்காலியில உட்கார்ந்து எழுந்துக்கறது பத்து தடவை. முதல் வாரம் வலியில அழுதேன். “வேணாம் அண்ணி, ஆபரேஷன்ல போய் முடியும்”னு சரசா வந்து வந்து பயமுறுத்தினா. மூணாவது வாரம் மாடி ஏறித் துணி காயப் போட்டேன். ஆனா கிரிவலம் மட்டும் கூடாதுன்னுட்டா கவிதா. நாலு பௌர்ணமி. ஜன்னல்ல மலையைப் பார்த்துக்கிட்டு வீட்டுல உட்கார்ந்திருந்தேன். சொல்லாம போயிடலாமான்னு ஒவ்வொரு தடவையும் தோணும்... போகல.

அஞ்சாவது பௌர்ணமிக்கு அனுமதி கிடைச்சது. வெறுங்கால் வேணாம்னா கவிதா. செருப்பு போட மாட்டேன்னேன் நான். ரெண்டு ஜோடி சாக்ஸ்ல ராஜி ஆச்சு.

விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பினோம். கூட சரசா. வழியில இருக்கற எட்டு லிங்கத்துக்கிட்டயும் அஞ்சஞ்சு நிமிஷம் உட்கார்ந்தேன். அடி அண்ணாமலை வந்தப்ப நின்னேன். குனிஞ்சு முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். லேசா வலி. வீக்கம் இல்லை. நடந்தேன்.

குபேர லிங்கத்துக்கிட்ட சரசா மூச்சு வாங்கிக்கிட்டே, “அண்ணி, கொஞ்சம் மெதுவா போங்களேன்”னா. ஆகா... அந்த ஒரு வார்த்தைக்காகவே இன்னொரு சுத்து போயிருப்பேன்.

ராஜகோபுரத்துக்கு முன்னாடி நின்னு ஓன்னு அழுதேன். அவ்ளோ சந்தோஷம். அங்கிருந்தே கவிதாவுக்குப் போன் பண்ணி, முடிச்சுட்டேன்னு கத்தினேன்.

“சூப்பர்ம்மா. வீட்டுக்குப் போய் ஐஸ் வைங்க. நாளைக்குப் பத்து நிமிஷம் மெதுவா நடங்க.”

“நாளைக்குமா?”

“நாளைக்கும் உங்க முட்டிக்குப் பசிக்கும்ல?”

மறுநாள் விடிஞ்சதும், கிரிவலம் முடிச்சா காலை நீட்டிப் படுத்தே பழகின நான், செருப்பை மாட்டிக்கிட்டுப் பத்து நிமிஷம் நடந்தேன்.

இத்தனை வருஷத்துல, கிரிவலம் முடிச்ச மறுநாளே நடைன்னு நான் கிளம்பினது அதுதான் முதல் தடவை.