அருவிக்கரையில் காபிக்குத் தமுக்கு

இன்று காலை குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஆறுமுகம் அண்ணாச்சியை மன்னித்துவிடுங்கள்.

இந்தச் சாரல் சீசனுக்கு அவருடைய காபி கிளப்பிலிருந்து இரண்டு கடை தள்ளி ஒரு புது கிளப் வந்திருக்கிறது. அங்கே கிராமபோன் பாடுகிறது. கூட்டமும் அங்கேதான்.

அண்ணாச்சிக்கோ இந்த இரண்டு மாத வியாபாரம்தான் வருஷம் முழுவதற்கும் சோறு.

அதனால் தென்காசியிலிருந்து தமுக்கு அடிப்பவரை வரவழைத்து, நேரே அருவிக்கரையில் நிறுத்திவிட்டார்.

"ஆறுமுகம் கிளப்பில் சுடச்சுடக் காபி, ரசவடை" என்று அந்த மனிதர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். அருவி இரைச்சலில் எங்களுக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அவர் தமுக்கை அடிப்பதும் வாயைத் திறப்பதும் மட்டும்தான் தெரிந்தது.

அருவிக்கரையில் தமுக்கு என்றால் நமக்கெல்லாம் ஒரே அர்த்தம்தான். மலையிலிருந்து வெள்ளம் வருகிறது.

தலையில் எண்ணெயோடு மொத்தக் கூட்டமும் ஓடியது. நானும்தான். வழியில் முதலில் வந்த கூரை அண்ணாச்சியுடையது.

விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு வைதார்கள். அண்ணாச்சி கைகூப்பினார்.

"தப்பு என் மேலதான். எல்லாரும் நடுங்குதிய. முதல்ல காபியக் குடிங்க, காசு வேண்டாம்."

வைத வாயெல்லாம் காபி குடித்தது.

என் பக்கத்தில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தவர் இரண்டாவது டம்ளர் கேட்டார். திரும்பிப் பார்த்தால், கிராமபோன் கிளப் முதலாளி.

குடித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, அந்தத் தமுக்குக்காரர் நாளைக்குச் சும்மாதான் இருக்காரா?"

நாளை குளிக்கப் போகிறவர்களே, தமுக்கைக் கண்டால் ஓடத்தான் வேண்டும். எந்தக் கடைக்கு என்பதை மட்டும் இப்போதே முடிவுசெய்து எனக்கும் சொல்லுங்கள்.