நாங்கள் போகாத இடம்

நாங்கள் வரப்போவது அவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும். சொல்லாமல் போக வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் வண்டி ஏற்பாடு செய்கிறவருக்கு ஒரு வாய், ஓட்டுகிறவருக்கு ஒரு வாய், நடுவில் எத்தனையோ வாய்கள். நசரத்பேட்டையில் இருந்த அந்தக் குடிநோய் மறுவாழ்வு மையத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது கட்டில்களில் புது விரிப்பு, மடிப்புக்கூடக் கலையவில்லை. பினாயில் வாசனையில் எனக்குத் தலை வலித்தது. கேரம் பலகையில் காய்களை அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் யாரும் விளையாடிய மாதிரி தெரியவில்லை.

இந்த மையங்களைப் பார்வையிட்டு, உள்ளே இருப்பவர்களின் முறையீடுகளை விசாரிக்கிற மறுஆய்வுக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, இன்னொருவர் மனநல மருத்துவர். மூன்றாவது ஆள், குடிநோயாளியின் குடும்பத்திலிருந்து வர வேண்டுமாம். என் கணவர் குடித்தே போய்ச் சேர்ந்ததுதான் என் தகுதி. அவரால் எனக்குக் கிடைத்த ஒரே பதவி இது என்று தங்கையிடம் சொல்வேன். அவள் சிரிக்க மாட்டாள்.

வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களிடம் ஏதாவது குறை உண்டா என்று நீதிபதி கேட்டார். ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நிர்வாகி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தால் வேறென்ன சொல்வார்கள்? எனக்கு இதெல்லாம் அலுத்துவிட்டது. முன்போலக் கோபம்கூட வருவதில்லை. என்னிடம் மிச்சமிருப்பது ஒரே ஒரு தந்திரம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும், யாராவது ஒருவர் கூட வாருங்கள் என்பேன். அத்தனை படி ஏற நிர்வாகியின் தொப்பை அவரை விடாது.

அன்று கூட வந்தவர் மண்ணூர்பேட்டைக்காரர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். நாற்பது வயது இருக்கும். தொட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே, கீழே கேட்காத குரலில் பேசினார்.

"ஆடி மாசம் தூக்கினு வந்தாங்கக்கா. மார்கழி வந்திடுச்சு. குடி நின்னுபோச்சு, பாருங்க, கைகூட நடுங்கல. ஊட்டுக்கு அனுப்புங்கன்னா, ஊட்டுக்காரி ஒத்துக்கணும்ன்றாங்க. நான் இன்னா, அவ வெச்சிட்டுப் போன மூட்டையா?"

கையை என் முன்னால் நீட்டினார். உண்மையிலேயே நடுங்கவில்லை. என் வீட்டுக்காரரின் கை கடைசிவரை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. அந்தக் கையைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

சம்மதமில்லாத ஒருவரை இத்தனை மாதம் அடைத்து வைக்க எங்கள் அனுமதி வேண்டும். அதை யாரும் கேட்டிருக்கவில்லை. கீழே வந்து விசாரணை வேண்டும் என்று சொன்னேன். அடுத்த கூட்டத்திலேயே அது வந்தது.

அவருடைய மனைவி வேலைக்குப் போகிற சீருடையோடே வந்திருந்தாள். ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கணவரைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. குடிக்காதபோது தங்கமான மனிதர் என்றாள். குடித்தபோது நடந்ததைச் சொல்லாமலே விட்டாள்.

"அவரு உள்ள கீறாருன்னாதான் எனக்குத் தூக்கம் வருது சார். பொண்ணு பரீட்ச முடியற வரிக்கும் வெச்சிக்குங்க. அப்பால நானே வந்து கூட்டினு போறேன்."

அதே அறையில்தான் அவரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவியின் தூக்கத்துக்காகக் கணவரைப் பூட்டி வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிபதி பொறுமையாகச் சொன்னார். மருத்துவர் அவர் தேறிவிட்டார் என்றார். எனக்கு மனசு அவள் பக்கம்தான் சாய்ந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அது நேராக வருகிறதா, தள்ளாடி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே வாழ்ந்தவள் நான். ஆனாலும் விடுவிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் போடுவேன்.

பொங்கல் முடிந்து ஒருநாள், காட்டுப்பாக்கம் போவதற்காகப் பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த மண்ணூர்பேட்டைக்காரரின் மனைவியே வந்து பேசினாள். அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். வேறொரு இடத்தில் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். மறுபடியும் குடித்தாரா என்று கேட்டேன். ஒரு சொட்டுகூடத் தொடவில்லையாம்.

பின்னே ஏன் என்று எரிச்சலோடுதான் கேட்டேன். டீக்கடைக்குப் போனவர் திரும்பக் கொஞ்சம் தாமதமானால் மகள் புத்தகத்தை மூடிவிட்டு வாசலுக்குப் போய்விடுவாளாம். அவர் வந்ததும் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் இவள் கிட்டே போய் மோந்து பார்ப்பாளாம்.

"அது அவருக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா. உள்ள வரும்போதே வாயத் தொறந்து ஊதிக் காட்டுவாரு. பொண்ணுகிட்டயும் போய் ஊதுவாரு. அத்தப் பாத்துக்கினு என்னால இருக்க முடியல."

எந்த மையம் என்று கேட்டேன். தள்ளி இருக்கிறது என்றாள். பதிவு செய்த இடமா, குழு எதுவும் வருமா என்று கேட்டேன்.

"யாரும் வர மாட்டாங்க. அப்படி எடமா பாத்துத்தான் உட்டேன். நீங்க வந்தா வெளிய உட்டுடுவீங்களே."

எனக்கு எங்கிருந்தோ பழைய கோபம் வந்துவிட்டது. இப்படிப்பட்ட இடங்களில் சங்கிலி போடுவார்கள், அடிப்பார்கள், ஒரு டாக்டர் எட்டிப் பார்க்க மாட்டார் என்று கத்தினேன். போலீசில் சொல்வேன் என்றேன். சொல்லுங்க என்றாள். என்னைவிட அவள் களைத்துப்போயிருந்தாள். இந்தத் தடவையும் ஆள் வைத்துத் தூக்கினார்களா என்று மட்டும் கேட்டேன்.

"இல்லக்கா. பொண்ணுக்காகக் கொஞ்ச நாளுன்னு சொன்னேன். அவரே வண்டில ஏறினாரு. ஏறும்போது ஒண்ணுதான் கேட்டாரு. தொட்டி பாக்க வந்தாங்களே அந்த அக்கா, அவங்க அங்கயும் வருவாங்களான்னு."

நீ என்ன சொன்னாய் என்றேன்.

"வருவாங்கன்னு சொன்னேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு எந்த இடம் என்று மறுபடியும் கேட்டேன். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, வந்து நின்ற பேருந்தில் ஏறிவிட்டாள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எங்கேயோ ஓரிடத்தில் அவர் நான் வருவேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.