கண்ணாடியின் பின்பக்கம்

சசிதரன் அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் முதல் பட்டதாரி. அதை அவன் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. நெல்லியாளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும் நடையே சொல்லிவிடும். கோயம்புத்தூர் ஆய்வகம் ஒன்றில் அவனுக்கு வேலை. கண்ணாடித் தகட்டின்மேல் மிக மெல்லிய உலோகப் படலத்தைப் பூசுவான். பிறகு அதையே லேசரால் சுட்டு எடுப்பான். பூசியதை எடுக்க எதற்கு ஒரு எம்.எஸ்சி. என்று அவனே பல நாள் யோசித்திருக்கிறான்.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. வாரத்தில் பாதி நாள் ஃபேக்டரியில் புகையே வருவதில்லை. லயத்துப் பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஃபேக்டரி அடுப்புக்கு விறகு போடும் அப்பா தங்கையா சொல்லியனுப்பினார்: “ஞாயித்துக்கிழம வரச் சொல்லு. திங்கக்கிழம இவனுங்களோட அவனும் திருப்பூர் பஸ் ஏறட்டும்.”

ஆய்வகத்தை விடக்கூடாது என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பாவின் மனத்தை மாற்ற வேண்டும். பேசி மாற்ற முடியாது. சென்ற முறை அவன் தன் ஆய்வை விளக்கியபோது அவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். எனவே கையில் ஒரு சாட்சியோடு போக முடிவு செய்தான். முகம் பார்க்கும் கண்ணாடியும் அவன் ஆய்வுப் பொருளுக்கு ஒரு வகையில் உறவுதான்: கண்ணாடி, அதன் முதுகில் மெல்லிய உலோகம், அதன்மேல் பெயின்ட். பெரியதாக ஒன்று வாங்கி, முதுகுப்பக்கம் லேசரைச் செலுத்தி, அம்மாவின் பெயரை எழுதினான். பெயின்ட் போயிற்று, உலோகமும் உருகிப் பறந்தது. கண்ணாடி வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. அந்தப் பெருமிதத்தில் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் செய்தித்தாளில் சுற்றிவிட்டான்.

வீட்டில் பிரித்து நிமிர்த்தி வைத்தான். அம்மா தெய்வம்மா அதில் முகத்தையும் பார்த்தாள், எழுத்தையும் பார்த்தாள்.

“யாரு பேரு மகன் இது?”

பக்கத்து வீட்டு சுமலதா எட்டிப் பார்த்தாள். “மலையாளமோன்னு பாத்தேன் தம்பி. அதுவும் இல்ல.”

அப்போதுதான் சசிதரன் பார்த்தான். ‘மா’ முன்னால் நிற்க, மற்ற எழுத்துகள் அதன் பின்னால் இடம் வலமாகத் திரும்பி நின்றன. பிம்பங்களைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் அவன்.

தங்கையா சிரிக்கவில்லை. “கண்ணாடி ஏன் வெடிக்கல?” என்றார்.

“சூடு கண்ணாடிக்குப் போய்ச் சேர நேரம் வேணும்ப்பா. லேசர் விட்டு விட்டு அடிக்கும். ஒவ்வொரு அடியும் அவ்வளவு சின்னது. உலோகம் பறந்துபோன பெறகுதான் கண்ணாடிக்குச் சேதியே தெரியும்.”

“அடுப்புலருந்து விழுந்த தணல நான் வெரலால தூக்கிப் போடுவேனே, அப்பிடியா?” என்றாள் அம்மா.

“அதேதாம்மா.” அவன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அத்தோடு முடிந்துவிட்டது.

“அடி பத்தலேன்னா?” என்றார் அப்பா.

“உருகும். ஆனா போகாது. குட்டிக் குட்டி உருண்டையாச் சுருண்டு அங்கேயே ஒட்டிக்கும்.”

தங்கையா மகனை மேலும் கீழும் பார்த்தார். “ஒன்னய மாதிரி.”

சுமலதாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்பா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். உடைந்த ஜன்னல் கண்ணாடியை எஸ்டேட்டில் மாற்றித் தராததால் அங்கே உரச்சாக்கு அடைத்திருந்தது; அதையும் மீறி மழைச்சாரல் உள்ளே அடித்தது. சாக்கைப் பிடுங்கி எறிந்தார். முகம் பார்க்கும் பக்கம் வெளியே இருக்கும்படி கண்ணாடியைச் சட்டத்தில் வைத்து, சுற்றிலும் ஆணி அடித்து வளைத்தார். வீடு இருண்டது. அந்த இருட்டில், வெளிச்சமே எழுதியதுபோல் ‘தெய்வம்மா’ என்று நேராகத் தெரிந்தது. அம்மா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

வெளியே போயிருந்த சுமலதாவின் குரல் வந்தது: “அண்ணே, கொஞ்சம் கீழ எறக்குங்க. நெத்தி மட்டுந்தான் தெரியுது!”

தங்கையா ஜன்னல் ஓரத்தில் கை வைத்துப் பார்த்தார். “உள்ள சாரல் அடிக்கிறது நின்னுருச்சு” என்றார். பிறகு சமையல் பக்கத்து ஜன்னலைக் காட்டினார். அதிலும் சாக்கு. “அதுக்கு எப்பக் கொண்டாருவ?”

இத்தனை வருடப் படிப்பின் முதல் பயன் சாரலை நிறுத்தியதுதான். ஆனாலும் சசிதரன் அந்த ஜன்னலைச் சாண் போட்டு அளந்தான். “நாளைக்கு ஆய்வகத்துக்குப் போனாத்தான்ப்பா செய்ய முடியும்.”

“போ. அதுல எம் பேரு.” ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டே அப்பா சொன்னார்: “இதே மாதிரி தப்பா எழுது.”