வேலுச்சாமியின் விசில் கூலி

சிலமலை வேலுச்சாமிக்கு எங்கள் போடி டீம் எண்ணூறு ரூபாய் பாக்கி வைத்திருந்தது. கால்பந்தாட்டத்துக்கு ரெஃப்ரியாக நின்ற கூலி அது.

பூப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் மைதானத்தில் நடந்த செவன்ஸ் பந்தயம். டீமுக்கு ஏழு பேர். ஜெயித்தால் ஃபைனல், தோற்றால் வீடு. ரெஃப்ரி கூலியை இரண்டு டீமும் பாதிப் பாதி கொடுப்பது அங்கே வழக்கம். எஸ்டேட்காரர்கள் தங்கள் பங்கை மைதானத்திலேயே கொடுத்துவிட்டார்கள். ஜெயித்தவனுக்குக் கை தாராளமாகத்தான் வரும். நாங்கள் ரெண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். திருட்டு விசிலுக்குக் காசு கிடையாது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினோம். அதுவும் வேலுச்சாமியின் ஜீப்பு. வளைவுக்கு ஒரு கெட்ட வார்த்தையாக மலை இறங்கும்வரை அவனைத் திட்டினோம். அவன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான்.

டீம் என்றால் என் டீம். பனியனின் முதுகில் இருப்பது என் கடைப் பெயர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, ஏலக்காய் மூட்டை தூக்கி, இன்று காய் பொறுக்கப் பன்னிரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறேன். போடியில் உக்கிரபாண்டி கடை எது என்று கேட்டால் தெருநாய்கூட வாலை நீட்டி வழி காட்டும். இது நான் சொல்வதில்லை, ஊரே சொல்வது.

வேலுச்சாமியும் லேசுப்பட்ட ஆள் இல்லை. விடியுமுன்னே தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவான். பொழுது சாயும்போது திரும்ப இறக்குவான். நடுவில் பகல் முழுக்க மலையில் சும்மா கிடக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் சீட்டாடினார்கள், இவன் மைதானத்தோரம் நின்று பந்தாட்டம் பார்த்தான். ஒருநாள் ரெஃப்ரி வரவில்லை. "டிரைவரே, ஒந்நு விசிலடிக்காமோ?" என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அது அவனுக்கு இரண்டாவது சோலி. முன்சீட்டுக்குத் தினமும் முடியைப் பிடிக்கிற பதினாலு பெண்களை அடக்கி வண்டி ஓட்டுகிறவனுக்கு, டவுசர் போட்ட பதினாலு பேர் எம்மாத்திரம்?

ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தான்.

"அண்ணே, கூலி."

"நீ பாத்த வேலைக்கு நீதான்டா எனக்குத் தரணும்."

"வெளையாடாதீக. அடுத்த மாசம் மேல பெரிய டோர்னமென்ட்டு. என்னையத்தேன் கூப்பிட்டிருந்தாக. இப்பப் பேச்சை மாத்துறாக. சொந்த ஊர்க்காரனே கூலி குடுக்காதவன எப்படி நம்புறதுங்கிறாக. பாக்கியை முழுசா வாங்கிட்டு வான்னுட்டாக. ஒரு ரூவா கொறஞ்சாலும் எனக்கு விசிலு இல்ல."

என் தங்கச்சி மகன் பிரபு, எங்கள் டீமின் கேப்டன், உள்ளேயிருந்து பாய்ந்து வந்தான். "மாமா, சல்லிக்காசு குடுக்காதீக!"

நான் வியாபாரி. எனக்கென்று ஒரு முறை உண்டு. காய் வாங்கும்போது ஒரு கை அள்ளித் தட்டில் போட்டு, வெடித்ததையும் கறுத்ததையும் பொறுக்கிவிட்டு, அதற்குத் தக்கபடி விலையில் கழிப்போம்.

"கழிவு பாத்துருவோம். பிரபு, போன்ல பிடிச்ச ஆட்டத்தைப் போடு. தப்பு ஒண்ணுக்கு நூறு ரூவா கழிவு."

வேலுச்சாமியின் முகம் சுருங்கியது. ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். காய் பொறுக்கிய பெண்களும் முறத்தை வைத்துவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

முதலில் எஸ்டேட்டின் இரண்டாவது கோல். அவர்கள் ஆள் எங்கள் கோல் பக்கத்தில் தனியாக நிற்கிறான். எங்கள் கோல்கீப்பர் யோகராஜ் இரண்டு கையையும் தூக்கி "ஆஃப்சைடு!" என்று கத்துகிறான். பந்து அவன் காலுக்கடியில் உள்ளே போகிறது.

"ஏன் அப்பு, கைய நீட்டுனா நிக்கிறதுக்கு அதென்ன தேனி பஸ்சா?" என்றாள் காய் பொறுக்கும் சந்திரவல்லி. பிரபுவோடு கடையில் நின்ற யோகராஜ் அவளை முறைத்தான்.

"செவன்ஸ்ல ஏதுண்ணே ஆஃப்சைடு?" என்றான் வேலுச்சாமி. "அது டிவில வர்ற பதினோரு பேர் ஆட்டத்துக்கு. இதுல அந்தச் சட்டமே கெடையாது."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எனக்கு முன்னமே தெரியும். பையன்களுக்குத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் பேசாமல் இருந்தேன்.

அடுத்தது பிரபு விழுந்த இடம். "இதுக்குப் பெனால்டி குடுக்கணுமா இல்லையா? மஞ்சு மூட்டமா எறங்கிக் கெடந்துச்சு, உனக்கென்ன கண்ணு தெரிஞ்சிருக்கும்?" என்றான் பிரபு.

"நீ விழுந்தது தெரியலதேன் மாப்ளே. ஆனா விழுகுறதுக்கு முந்தியே 'ஐயோ அம்மா'ன்னு நீ கத்துனது நல்லாக் கேட்டுச்சு."

பெண்கள் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த காய் சிதறியது. பிரபு விடவில்லை. வேலுச்சாமி விசிலைச் சத்தமாக ஊதினான் என்றும், கடிகாரம் சீக்கிரம் ஓடியது என்றும் அடுக்கினான். எதுவும் தேறவில்லை. எனக்கே எரிச்சல் வந்துவிட்டது.

"ஏன்டா, தொண்ணூறு விசில் அடிச்சிருக்க. ஒண்ணுகூடவா சொத்தையில்ல?"

வேலுச்சாமி போனை வாங்கி ஆட்டத்தைப் பின்னால் தள்ளி நிறுத்தினான். "இருக்குண்ணே. ஒண்ணு இருக்கு. பிரபு கோல் போட்டான்ல, அதுக்கு முன்னாடி பந்து கோட்டுக்கு வெளிய போயிருச்சு. நல்லா ஒரு சாண். நான் திரும்புறதுக்குள்ள உள்ள இழுத்துட்டான். அந்தக் கோலு செல்லாது. என் தப்புதேன். நூறைக் கழிச்சுக்கங்க."

பெண்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அந்தப் பந்தயத்தில் எங்கள் டீம் போட்ட ஒரே கோல் அது. அதற்காகப் பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டியிருந்தேன். 'மலையை அதிரவைத்த மாவீரன்' என்று பிரபு படமும், அவனைவிடப் பெரிதாக என் படமும். நூறு ரூபாயைக் கழித்தால், நாங்கள் கோலே போடவில்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி.

பிரபு துள்ளி எழுந்தான். "யாரு சொன்னா? பந்து உள்ளதேன் இருந்துச்சு!"

"இல்ல மாப்ளே, வெளிய. நான் பண்ணது தப்பு."

"நீ தப்பே பண்ணலண்ணே! உன்னைய மாதிரி ரெஃப்ரி உண்டுமா?"

"அட, தப்புதேன்பா. போனைப் பாரு."

"போனு பொய் சொல்லும்ணே! நீ சொல்லாத!" என்று யோகராஜும் சேர்ந்துகொண்டான்.

கண்ணாடியைப் போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். பந்து வெளியேதான் கிடந்தது. ஒரு சாணுக்கும் மேலேயே இருக்கும்.

"சரக்கு சுத்தம். கழிவு இல்ல," என்றேன்.

"நெசமாத்தேன் சொல்றீகளா அண்ணே? மேல கேட்டா இதையே சொல்லணும்."

"உக்கிரபாண்டி வாய்ல ரெண்டு வெல கெடையாதுடா. பிரபு, வீடியோ எடு. மலைக்கு அனுப்பு. வெரசா!"

பிரபு போனைத் தூக்கிப் பிடித்தான். வேலுச்சாமி கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினான். விரித்த உள்ளங்கையில், மலை உச்சிக்கே கேட்கிற மாதிரி எண்ணி, ஒரு ஐந்நூறையும் மூன்று நூறையும் வைத்தேன்.